ராஜபாட்டையில் அசனம்

செப்டம்பர் 4, வியாழன்

இந்த நோட்டை மகள் ஜெசிந்தா கொடுத்தாள். "டாடி, மனசுல தோணுறத எல்லாம் இதுல எழுதுங்க, பொழுது போகும்" என்றாள். 'என்னிடம் வந்து சொல்லாதீர்கள்' என்பதைப் பிள்ளை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது! நானும் மனைவி பிலோமியும் அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த சன்னிவேல் ஊரில் என்னிடம் மாட்டிக்கொண்டு அறிவுரை கேட்காத ஆள் தபால்காரர் ஒருவர்தான். அவரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை.

டைரி என்றால் முதலில் ஆள் யாரென்று சொல்ல வேண்டும். இக்னேஷியஸ் மச்சாடோ. தூத்துக்குடி துறைமுகத்தில் எந்தக் கப்பல் எந்தத் தளத்தில் எப்போது நிற்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவன். என் திட்டப்படி ஒரு கப்பலும் வந்ததில்லை. ஆனால் திட்டம் பார்க்க அழகாக இருக்கும் என்று மேலதிகாரிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஜெசிக்கு ஐந்தாவது மாதம். இரண்டு வருடம் முன்பு ஒன்று தங்காமல் போய்விட்டது. போன வாரம் திடீரென்று உதிரப்போக்கு. மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே வராந்தாவில் நாலு பேர் பார்க்க, பிலோமி கைகளை விரித்துச் சத்தமாக நேர்ந்துகொண்டாள்.

"கோடி அற்புதரே, அந்தோனியாரே! எம்புள்ளைக்கு இந்த ஆபத்து தாண்டட்டும். இந்த மனுஷன் மடிப்பிச்ச எடுத்து ஒமக்கு அசனம் போடுவாரு."

நேர்ந்துகொண்டவள் அவள், பிச்சை எடுக்க வேண்டியவன் நான். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். மனைவிமார் வேண்டிக்கொள்வார்கள், கணவன்மார் மொட்டை போட்டுக்கொள்வார்கள். துண்டை ஏந்தி வீடு வீடாக அரிசி கேட்க வேண்டும், அது மடிப்பிச்சை. அந்த அரிசியைச் சமைத்துக் கோயில் வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும், அது அசனம். நானோ பக்கத்து வீட்டில் பேப்பர்கூட இரவல் கேட்காதவன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை, தாய் படுக்கையிலேயே இருக்கட்டும் என்றார். பிலோமி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பானை சோறு வெந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 6, சனி

நூலகத்தில் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. முன்னொரு காலத்தில் ஸ்பானியர்கள் இந்தக் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே கோயில் கோயிலாகக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மொத்தம் இருபத்தொரு கோயில். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பாதை. பெயர் 'எல் கமினோ ரியல்', அதாவது ராஜபாட்டை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சரித்திரம் என்றால் எனக்கு அப்படித்தான்.

மருமகன் லியோ வேலை முடிந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். "மாப்பிள்ளை, அந்த ராஜபாட்டையை ஒருநாள் கண்ணால பாத்துரணும். எவ்வளவு தூரம் இருந்தாலும் சரி."

லியோ திருச்சிக்காரர். வார்த்தைகளைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் செலவு செய்வார். "பாத்துட்டீங்க மாமா" என்றார்.

"எப்ப?"

"நேத்து. முருங்கைக்காய் வாங்கினோமே, அந்த ரோடுதான்."

இரண்டு மாதமாக நான் இட்லி அரிசி, கறிவேப்பிலை, பிலோமிக்கு மூட்டுவலித் தைலம் எல்லாம் வாங்கும் கடைத்தெரு, ஸ்பானிய அரசரின் பெருவழியாம். ஓரத்தில் வளைந்த கம்பத்தில் ஒரு மணி தொங்குமே, கவனித்தீர்களா என்று கேட்டார். கவனித்தேன். ஏதோ ஓட்டல் விளம்பரம் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இரவுச் சாப்பாட்டில் பிலோமி புலம்பினாள். நேர்ச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, நாம் ஊருக்குத் திரும்ப ஜனவரி ஆகிவிடும், எங்கள் ஊர்ப் பக்கத்து உவரிக் கோயில் அந்தோனியார் அதுவரைக்கும் பொறுப்பாரா என்று. அவளைச் சீண்டலாமே என்று நான் சொன்னேன்: "உவரி எதுக்கு? ஒங்க அந்தோனியாருக்கு இங்கேயே ஒரு பிராஞ்ச் இருக்கு. அந்த இருபத்தொண்ணுல ஒண்ணு அவரு கோயில்தான். தெக்க மூணு மணி நேரம்."

பிலோமி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப அவரே வழியக் காட்டிட்டாரு. நீங்க செவ்வாக்கெழமையாப் பாத்து நாள் குறிங்க."

செவ்வாய் அந்தோனியாருக்கு உகந்த நாள். ஜெசி படுக்கையறையிலிருந்து சிரித்தாள். நல்ல சத்தமான சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது என்பதால் நான் மறுத்துப் பேசவில்லை. மற்றபடி எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் போவது சரித்திரத்துக்காக.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று காலை காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மதியமும் பசியில்லை. வயிறு சரியில்லாமல் இருக்கலாம்.

செப்டம்பர் 13, சனி

பயணத் திட்டம் தயார். அந்தோனியாரை மட்டும் பார்ப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம் என்பதால் இருபத்தொரு கோயிலையும் நான்கு நாளில் சேர்த்துவிட்டேன். காலை ஆறுக்குப் புறப்பாடு. ஒவ்வொரு கோயிலுக்கும் முக்கால் மணி நேரம். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் மதியத்துக்குள் மூன்று முடித்துவிட வேண்டும். டீக்கு நிறுத்த இரண்டு இடம். வேளாங்கண்ணி பஸ் ஏற்பாடு செய்த அனுபவம் எனக்கு இருக்கிறது. அந்த பஸ் பாதி வழியிலேயே நின்றுவிட்டது வேறு விஷயம்.

கலர் பேனாவால் கோடு போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். லியோ நின்று முழுவதும் படித்தார்.

"மாமா, இங்க மதியம் நடை சாத்த மாட்டாங்க."

"சரி."

"நாலு நாள் ஜெசிய விட்டுட்டு வர முடியாது."

"சரி."

"ஒரு கோயில். காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துரலாம்."

இருபது கோயில்களை மூன்று வாக்கியத்தில் இடித்துத் தள்ளிய மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் ஜெசியை விட்டுவிட்டு வர முடியாது என்று அவர் சொன்னவிதம் எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 20, சனி

பிச்சை எடுத்தாயிற்று.

பிலோமி துண்டை என் இடுப்பில் கட்டி, முனைகளைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ஒரே வீட்டில் மொத்தமாக வாங்கக் கூடாது, கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, என்ன அரிசி என்று கேட்கக் கூடாது. இவ்வளவு கட்டுப்பாடு துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பலுக்குக்கூட இருந்ததில்லை.

முதல் கதவில் கணினி வேலை பார்க்கும் ஒரு வாலிபன். நான் துண்டை விரித்து, "ஐ ஆம் பெக்கிங் ரைஸ்" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் சூடாகும் சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்து, நீங்கள் நலமா என்று இரண்டு தடவை கேட்டான். அடுத்தது சீனத் தம்பதி. அந்த அம்மா ஒரு கப்பில் தலை தட்டி அளந்து குட்டை அரிசி போட்டார். மேல்மாடி குஜராத்திக்காரர் ஹர்ஷத்பாய்க்கு விளக்கமே தேவைப்படவில்லை. பாசுமதி இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் மார்த்தா என்று ஒரு மெக்சிகோக்கார அம்மா தனியாக இருக்கிறார். துண்டைப் பார்த்ததும், "மாந்தா?" என்றார். நான் விழித்தேன். போனில் எதையோ தட்டிக் காட்டினார். நேர்ச்சைக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயராம். யாருக்கு என்று சைகையில் கேட்டார். "சான் அந்தோனியோ" என்றேன். எதற்கு என்று கேட்டார். மேலே எங்கள் வீட்டைக் காட்டி, வயிற்றின் மேல் கையை வளைத்துக் காட்டினேன். அவர் போட்டிருந்த ஒரு கிண்ணம் போதாதென்று உள்ளே போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தார்.

படியேறும்போது துண்டு கனத்தது. எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்துவிட்டார். உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறாரா என்று ஜெசியிடம் மிகவும் பதவிசாக விசாரித்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஏழைகளுக்கு இலவசமாகத் தரும் பட்டாணி டின், வேர்க்கடலை வெண்ணெய், ஒரு பை அரிசி.

ஜெசி படுத்தபடியே முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டாள். போர்வை குலுங்கியது. நான் துறைமுக அதிகாரி என்பதை விளக்க முயன்றேன். அந்தப் பெண்மணி என் தோளைத் தட்டி, இதில் அவமானம் ஒன்றுமில்லை என்றார்.

அவர் போனதும் பிலோமி அரிசிப் பையைத் தனியே எடுத்தாள். "இதுவும் பிச்சதான. சேத்துக்கோங்க."

செப்டம்பர் 30, செவ்வாய்

நேற்று ஸ்கேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. பெண் குழந்தை. லியோ காரை ஓட்டிக்கொண்டே விசிலடித்தார், அந்த மனிதருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே செய்தி. நாள் குறித்துவிட்டோம், அக்டோபர் 14, செவ்வாய். கோயிலுக்கு ராணுவ நிலத்தின் வழியாகப் போக வேண்டுமாம், பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அந்தோனியாரைப் பார்க்கப் பாஸ்போர்ட்!

நூலகத்திலிருந்து இன்னொரு புத்தகம் எடுத்து வந்தேன். முதல் புத்தகத்தில் மணிகளும் தோட்டங்களும் இருந்தன. இதில் அந்தக் கோயில்களைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணின் ஆதிக்குடிகள். ஞானஸ்நானம் வாங்கியபின் அவர்களை வெளியே விடவில்லை. அம்மையும் சளிக்காய்ச்சலும் வந்து கொத்துக்கொத்தாகச் செத்திருக்கிறார்கள், அதிலும் குழந்தைகள். எங்கள் முன்னோருக்கும் கப்பலில் வந்தவர்கள்தான் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினார்கள், மச்சாடோ என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் கடலையும் படகையும் கையில் வைத்துக்கொண்டு பிழைத்துவிட்டோம். இவர்களுக்கு அதுவும் இல்லை.

பெரிய விஷயமாக எழுதிவிட்டேன். மதியம் சாப்பிடாததால் இருக்கும்.

அக்டோபர் 8, புதன்

மருத்துவமனை. ஜெசி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்.

அக்டோபர் 11, சனி

குழந்தை வியாழன் காலை பிறந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. அவ்வளவு சீக்கிரம் வந்த பிள்ளைக்கு எதுவும் செய்ய முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். பிலோமி தன் கையாலேயே தண்ணீர் தொட்டு ஞானஸ்நானம் கொடுத்தாள். ஜெசி பெயர் வைத்தாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்.

என்னையும் தூக்கச் சொன்னார்கள். கப்பல் கப்பலாகச் சரக்கு பார்த்தவன், அந்தக் கனம் எனக்குத் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, இந்த நோட்டிடமும் சொல்லவில்லை. நம்பாதவன் மாதிரி நடித்துக்கொண்டே கெஞ்சினால் கேட்கிறவருக்கும் குழப்பமாகத்தானே இருக்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

குறித்த நாள். காலையில் காப்பி குடித்தேன்.

பிலோமி அலமாரியிலிருந்து அரிசிப் பையை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதத் தூக்கிக் குப்பையில போடுங்க. கேட்டதத் தராதவருக்கு எதுக்கு அசனம்?"

"சரி" என்றேன். "நீங்க போடுதியளா, நான் போடவா?" என்றாள். நானே போடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு கீழே போனேன். குப்பைத் தொட்டிப் பக்கத்தில் மார்த்தா நின்றுகொண்டிருந்தார். பையைப் பார்த்தார். சமைக்கப் போகிறீர்களா என்று கையால் கிண்டிக் காட்டிக் கேட்டார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. நான் தலையை ஆட்டிவிட்டு, பையோடு மேலே வந்துவிட்டேன். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மனைவிக்குப் பயந்து அரிசியைப் பதுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

ஜெசி சாப்பிடுவதில்லை. பிலோமி கஞ்சி, ரசம், புளிக்குழம்பு என்று எதை எதையோ செய்கிறாள். பிள்ளை இரண்டு வாய் வாங்கிவிட்டு, "போதும் மம்மி" என்கிறாள். லியோ கடைகளிலிருந்து வாங்கி வருவதும் அப்படியே இருக்கிறது. கன்னம் ஒட்டிவிட்டது. பேச்சும் இல்லை. நான் துறைமுகத்துக் கதைகளைச் சொல்லிப் பார்த்தேன். முன்பெல்லாம் நிறுத்தச் சொல்வாள். இப்போது முழுதாகக் கேட்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஊரில் என்றால் கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றியிருப்போம். இங்கே பிள்ளைக்குக் கல்லறை இல்லை. சாம்பல் வைத்த ஒரு சின்னப் பெட்டி ஜெசியின் அலமாரியில் இருக்கிறது.

பூசை முடிந்து வரும்போது மார்த்தா கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே ஒரு மேசையில் பூவும் மெழுகுவர்த்தியும், அவர் வீட்டில் இறந்தவர்களின் படங்களும், அவர்களுக்கென்று ஆளுக்கொரு தட்டில் சாப்பாடும். இதற்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும், ஜெசியைக் கண்டதும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஓரமாக வைத்திருந்த ஒரு காலி அட்டையைக் காட்டிப் பேனாவை நீட்டினார்.

ஜெசி அந்த அட்டையில் பெயரை எழுதினாள். மார்த்தா வாய்விட்டு வாசித்தார். அவர் வாயில் அது வேறு மாதிரி ஒலித்தது, ஆனாலும் அதே பெயர்தான். எங்கள் நான்கு பேரைத் தவிர வேறொருவர் அதைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மேசையில் வைத்துவிட்டு அதற்கும் ஒரு சின்னத் தட்டு வைத்தார்.

மாடிக்கு வந்ததும் ஜெசி குளிர்சாதனப் பெட்டி முன்னால் நின்றாள். என் பழைய திட்டம் இன்னும் அங்கேயே ஒட்டியிருந்தது.

"டாடி, செவ்வாக்கெழம லியோவ லீவு போடச் சொல்லவா?"

"எதுக்கும்மா?"

"அசனத்துக்கு. அரிசி சலவ மெஷினுக்குப் பின்னால இருக்குல்ல."

பதுக்கலில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரிந்துவிட்டது. பிலோமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 3, திங்கள்

பிலோமி சமைக்க மாட்டாளாம். வரவும் மாட்டாளாம். "நேந்தது நான். முறிச்சதும் நாந்தான். ஒங்களுக்கு வேணும்னா நீங்க செய்ங்க." நான் வாழ்நாளில் சமைத்தது வெந்நீர் ஒன்றுதான். விடியற்காலையில் எழுந்து சாம்பார் சாதம் செய்யப் போகிறேன். ஹர்ஷத்பாய் பெரிய பாத்திரம் கொடுத்திருக்கிறார்.

நவம்பர் 4, செவ்வாய்

பாத்திரம் காலி. முதலில் அதை எழுதிவிடுகிறேன். திரும்பி வரும் வழியில் கீரை வயல் ஓரமாக வேலையாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். லியோ காரை நிறுத்தி, தனக்குத் தெரிந்த நான்கு ஸ்பானிய வார்த்தைகளையும் ஒரே மூச்சில் செலவழித்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே வந்து வழித்துச் சாப்பிட்டார்கள். ஆகவே அசனம் நடந்தது. முறைப்படி நடக்கவில்லை. அது எப்படி என்றுதான் எழுத வேண்டும்.

காலையில் நான் செய்தது சாம்பார் சாதமா என்பது விவாதத்துக்குரியது. பல வீட்டு அரிசி பல விதமாக வேகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சீனத்து அரிசி களியாகிவிட்டது, பாசுமதி விறைத்துக்கொண்டு நின்றது. பாத்திரத்தைக் காரில் ஏற்றும்போது பிலோமி சேலை மாற்றி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "வண்டியில பாத்திரம் சாஞ்சிட்டா யாரு பிடிக்கது? நான் கோயிலுக்குள்ள வர மாட்டேன்" என்றாள். பாத்திரம் பின்சீட்டில் எனக்கும் ஜெசிக்கும் நடுவில் இருந்தது.

வழியெல்லாம் அந்த வளைந்த கம்பமும் மணியும் வந்துகொண்டே இருந்தது. பெரிய சாலையை விட்டுப் பிரிந்ததும் காய்ந்த புல்லும் ஓக் மரங்களும் மட்டும்தான். ராணுவ நிலத்தைத் தாண்டிப் போனால் ஒரு பள்ளத்தாக்கு, அதன் நடுவில் மண்கட்டியால் கட்டிய நீளமான கோயில். சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லை.

அசனத்தில் நேர்ந்தவர் வீட்டார் முதலில் கை வைக்கக் கூடாது. வந்தவர்கள் சாப்பிட்டு முடித்தபின் மிச்சமிருந்தால்தான் அவர்களுக்கு. ஊரில் இதில் ஒரு சங்கடமும் இல்லை. பானையை இறக்குவதற்குள் வரிசை நின்றுவிடும், நம் கவலை எல்லாம் போதுமா என்பதுதான். என் அழகான திட்டத்தில் புறப்படும் நேரம் இருந்தது, டீ நேரம் இருந்தது. சாப்பிடுவதற்கு ஆள் வருவார்களா என்று ஒரு வரி இல்லை. கோயில் என்றால் வாசலில் கூட்டம் இருக்கும் என்று உவரியைப் பார்த்துப் பழகியவன்தான் நினைப்பான்.

மரத்தடி மேசையில் பாத்திரத்தை வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக நின்றேன். நினைவுப்பொருள் கடையிலிருந்த அம்மா எட்டிப் பார்த்து, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று புன்னகைத்தார். ஒரு கார் வந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டேன். அது திரும்பிப் போக இடம் தேடி வந்த கார். பிலோமி எங்கள் காரிலேயே உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெசி கோயிலுக்குள் போகவில்லை. பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நின்றாள். நானும் போனேன். அங்கே அதிகம் கல்லறைக் கற்கள் இல்லை, வெறும் மண்தான். இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் இங்கே கிடக்கிறார்கள் என்று, புத்தகத்தில் படித்ததை அவளிடம் சொன்னேன்.

"குழந்தைங்களுமா?"

"நெறைய."

"பேரு?"

"பதிவுல எழுதியிருப்பாங்கன்னு நெனைக்கேன். இங்க ஒண்ணும் எழுதல."

அவள் குனிந்து அந்த மண்ணைத் தொட்டாள். பிறகு அழுதாள். மருத்துவமனையில்கூட அவள் அப்படி அழவில்லை. லியோ வந்து அவளைப் பிடித்துக்கொண்டார், அவரும் அழுதார். நான் கரண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். எனக்கு அந்தோனியார் மேல் கோபம், ஸ்பானியர் மேல் கோபம், எனக்குத் தெரிந்த எல்லார் மேலும் கோபம். என் பிள்ளையின் பிள்ளையை என்னால் காப்பாற்ற முடியவில்லை, அதன் பெயரால் ஒரு வாய்ச் சோறு போடக்கூட ஆள் பிடிக்க முடியவில்லை.

மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். யாரும் வரவில்லை. ஜெசி மூக்கைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தைப் பார்த்தாள்.

"டாடி, பசிக்குது."

ஊர் முறை என்ன, நேர்ச்சை என்ன, யார் முதலில் சாப்பிட வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். நான் யோசிக்கவே இல்லை. தட்டில் மலையாக அள்ளி வைத்தேன். அவள் ஒரு வாய் வைத்தாள். மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்ன டாடி இது, இவ்வளவு உப்பு! பாதி வேகவே இல்ல."

"தெரியும்மா."

"பாதி கொழஞ்சிருக்கு."

"அதுவும் தெரியும்."

அவள் சாப்பிட்டாள். குனிந்த தலை நிமிராமல், விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். இடையிடையே திட்டினாள். என் சமையலை ஒருவர் இவ்வளவு குறை சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, கண்ணீர் மறைத்துக்கொண்டு வந்ததால் எதிரே இருந்த கோயிலும் சரியாகத் தெரியவில்லை.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிலோமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். கோயில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டு காலியாக இருந்ததைப் பார்த்தாள். என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

"தள்ளுங்க அங்கிட்டு. எம்புள்ளைக்கு நான் போடுதேன்."